ஒரு சைஸ் பெரியது

மனிதர்களின் முகம் எனக்குச் சீக்கிரம் மறந்துபோகும். கால் மறக்காது. இருபத்தாறு வருஷமாக ஒரு ஷூக் கடையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பிழைக்கிறவன் நான். "எனக்கு எப்பவும் ஆறு நம்பர்தான்" என்று அடித்துப் பேசும் அம்மாளின் கால் ஏழு நம்பருக்குள்தான் மூச்சு விடும். அவரோடு வாதாட மாட்டேன். ஏழாம் நம்பரை எடுத்து மாட்டிவிட்டு ஆறு என்று சொல்லிவிடுவேன். அவரும் சந்தோஷமாக நடந்து போவார். இப்படியே காலம் போனதில், கால் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்ற நினைப்பு தலைக்கேறிவிட்டது.

என் தங்கையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பிலேயே என்னைப் பற்றி அளந்துகொண்டிருக்கிறேன். என்ன செய்வது, அவள் வாழ்க்கையில் நான் மூக்கை நுழைக்காத இடம் ஒன்றுகூடக் கிடையாது. அது அவளுக்கு வாய்த்தது.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு பெரிய கடையில் 'ரன்னர்' வேலை. பெரிய கடை என்றால், இந்தக் கோடியில் நின்று பார்த்தால் அந்தக் கோடியில் நிற்கிற ஆள் சுண்டுவிரல் அளவுதான் தெரிவான். பில் போடும் மேஜைகள் மட்டும் முப்பத்திரண்டு. ஏதாவது ஒரு சாமானில் விலைச் சீட்டு இல்லாவிட்டால் பில் போடுகிற பெண் ஒரு பொத்தானை அமுக்குவாள். மேஜைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். உடனே ரன்னர் அங்கே போய்ச் சாமானைப் பார்த்து, அது இருக்கிற அலமாரிக்கு ஓடி, விலையைப் பார்த்துக்கொண்டு, வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பதற்குள் திரும்பி வர வேண்டும். பதினெட்டு வருஷமாக அவள் இதைத்தான் செய்தாள். கடையில் அவளுக்கு 'அம்பு' என்று பெயர். சாமானைக் காட்டினால் போதும், "பதினோராவது வரிசை, முழங்கால் உயரம், பச்சை மூடிக்குப் பக்கத்துல" என்று சொல்லிக்கொண்டே பாதி தூரம் போயிருப்பாள். பல சமயம் விலையே மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். "நேத்து ராத்திரி மாத்தியிருந்தாங்கன்னா?" என்பாள்.

அப்படி ஓடிய கால் சாயங்காலத்தில் பொங்கிய மாவு மாதிரி உப்பிவிடும். அவளுக்கு ஷூ எடுத்துக் கொடுப்பது என் வேலை. நின்றே பிழைக்கிறவர்களுக்கு எப்போதும் ஒரு சைஸ் கூட. இது எங்கள் தொழிலில் கல்லில் வெட்டிய விதி. நர்சு, காவல்காரர், சமையல்காரர், வாத்தியார் எல்லோரையும் சாயங்காலமாக வரச்சொல்லி, உப்பிய காலை அளந்து, அதற்கும் மேல் ஒரு சைஸ் கொடுப்பேன். இதற்காக என்னை வாழ்த்திவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். "ஆளு கொஞ்சம் முன்கோபி. போகப்போகச் சரியாயிடும்" என்றேன். அவள் "சரிண்ணா" என்றாள். போகப்போக ஒன்றும் சரியாகவில்லை. நான்காவது வருஷம் ஒரு நாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய மனிதர், போனவர் போனவர்தான். அவள் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். 'நீதானே பார்த்துக் கட்டிவைத்தாய்' என்று ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சண்டை போட்டு, மனப்பாரம் இறங்கியிருக்கும்.

பதினோரு மாதம் எங்களோடு இருந்தாள். என் மனைவி கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு அடுப்பங்கரையில் இரண்டு பெண்கள் என்றால் யார் கரண்டியை எங்கே மாட்டினார்கள் என்பதிலேயே ஒரு போர் நடக்கும். இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். நான் நடுவில் மத்தளம். அப்புறம்தான் அவளுக்குக் கடை வேலை கிடைத்தது. கையோடு ஒரு தனி அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் கால் முட்டும். முதல் நாள் பூட்டைத் திறந்து உள்ளே போய், கதவைச் சாத்தி, மறுபடி திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணா, விருந்தாளியா எத்தனை தடவ வேணும்னாலும் உன் வீட்டுக்கு வர்றேன். குடியிருக்க மட்டும் வரமாட்டேன். சாகுற வரைக்கும் வரமாட்டேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நெஞ்சில் தங்கிவிட்டது. அந்த வேலை இருக்கிறவரை அந்த அறை. வேலை போனால் மறுபடி எங்கள் அடுப்பங்கரை. அவள் பதினெட்டு வருஷம் ஓடியது இதற்காகத்தான்.

போன வருஷம் கடைக்குப் புது மேனேஜர் வந்தார். வந்ததும் ஒரு சுற்றறிக்கை: இனி ரன்னர்கள் எல்லோரும் ரோலர் ஸ்கேட்ஸ் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். எட்டு வாரம் அவகாசம். அது முடிந்ததும் ஒரு டெஸ்ட். கையில் ஒரு பெட்டியை ஏந்திக்கொண்டு முதல் மேஜையிலிருந்து கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்து, எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். தேறியவர்கள் இருக்கலாம். தேறாதவர்களின் இத்தனை வருட ஒத்துழைப்புக்கு நிர்வாகம் நன்றி தெரிவித்துக்கொள்ளும். மொத்தம் ஆறு ரன்னர்கள். அதில் நான்கு பேருக்கு இன்னும் இருபத்தைந்து ஆகவில்லை.

என் தங்கை நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், ஸ்கேட்ஸ் போட்ட புள்ளைங்க யாரையாவது என்கூட விடுங்க. நான் நடந்தே வர்றேன். யார் முதல்ல விலையோட வந்து நிக்கிறாங்கன்னு பாருங்க."

மேனேஜர் மரியாதையான பையன்தான். எழுந்து நின்று பேசினாராம். "அக்கா, நீங்கதான் முதல்ல வருவீங்க, எனக்கே தெரியும். வேகத்துக்காக இல்லக்கா. பார்க்கறதுக்கு நல்லா இருக்கும். வர்றவங்க போன்ல படம் புடிச்சுப் போடுவாங்க."

இதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நாப்பத்தி மூணு வயசுல நான் பார்க்க நல்லா இருக்கணுமாம்ணா." பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேனேஜரின் காலை அளந்து இரண்டு சைஸ் சின்னதாக ஒரு ஜோடி மாட்டிவிடலாம் போல இருந்தது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் அவளைக் கேலி செய்வார்கள். இப்போது நிஜமாகவே கட்டச் சொல்கிறார்கள். ஹெல்மெட், முட்டிக்கும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் போடுகிற கவசம் எல்லாம் கடையே தருமாம். பழக்கிவிட ஒரு கோச்சும் வருவாளாம். ஸ்கேட்ஸ் மட்டும் அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும்.

"அதை நான் பார்த்துக்கறேன். நீ சாயங்காலமா கடைக்கு வா" என்றேன்.

எங்கள் கடையில் மேல்தட்டில் தூசி படிந்து சில ஜோடிகள் இருந்தன. ஸ்கேட்ஸில் இரண்டு வகை. ஒன்றில் நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் கத்தி மாதிரி நிற்கும். வேகம் போகிறவர்களுக்கு அது. இன்னொன்றில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மேஜைக்குக் கால் வைத்தது போல. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் நல்லது. ஏறி நின்றாலே ஒரு தைரியம் வரும். இதையே எடுத்தேன். சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தெருவில் ஓட்ட மெத்தென்ற சக்கரம் வேண்டும், வழவழப்பான தரைக்குக் கெட்டியானது. கெட்டியானதாக எடுத்தேன். கணுக்காலுக்கு மேலே ஏறிக் கட்டுகிற உயரமான பூட்ஸ். நிற்பதற்குப் பூட்ஸின் மூக்கில் ரப்பர் கட்டை. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் அதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்றுதான் சொல்வார்கள்.

அவள் நாள் முழுக்க ஓடிவிட்டு வந்தாள். காலை அளந்தேன். ஏழு. எட்டை எடுத்தேன்.

பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. அதைப் படித்தேன், படிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஸ்கேட்ஸ் இறுக்கமாக இருக்க வேண்டும், நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் தொட வேண்டும், குதிகால் மேலே எழும்பவே கூடாது, மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும் என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவனுக்கு நின்று பிழைக்கிறவள் காலைப் பற்றி என்ன தெரியும் என்று சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, குதிகால் மேல வருதே."

"வரும். சாயங்காலம் ஆனா உன் காலே நிரப்பிடும்."

"இப்பவே சாயங்காலம்தானேண்ணா?"

பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "இருபத்தாறு வருஷமா நான் கால் பார்க்கறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் முகம் சின்னதாகிப்போனது.

"சரிண்ணா" என்றாள்.

கடையின் அடியில் இருந்த வண்டி நிறுத்துமிடத்தில் காலை ஆறிலிருந்து எட்டு வரை பயிற்சி. கோச் இருபத்து மூன்று வயதுப் பெண். முதல் நாள் ஓட்டவே விடவில்லை, விழத்தான் கற்றுக்கொடுத்தாளாம். முட்டியை மடக்கு, உடம்பைத் தாழ்த்து, பக்கவாட்டில் சாய், விரலை மடக்கிக்கொள், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் சக்கரம் விரல்மேல் ஏறிவிடும். "விழறதுக்கு ஒரு கோச்சாண்ணா? அது எனக்கே நல்லா வருமே" என்று போனில் சொன்னாள். அடுத்த நாள் குதிகால்களைச் சேர்த்து நுனிப்பாதத்தை விரித்து வாத்து நடை. அதற்கடுத்த நாள் அந்த நடையிலேயே உருள ஆரம்பிப்பது. சாண் ஏற முழம் சறுக்கியது. இடுப்பில், தொடையில், தோளில் எல்லாம் கன்றிப்போய், கைப்பிடியைப் பிடித்துத்தான் மாடிப்படி ஏறினாள். அப்படியும் பகல் முழுக்கச் சிவப்பு விளக்குக்கு ஓடினாள்.

முதல் வாரக் கடைசியில் மறுபடி போன் செய்தாள்.

"அண்ணா, கோவிச்சுக்காதே. உள்ள கால் ஆடுதுண்ணா. நான் ஒரு பக்கம் திரும்பினா அது ஒரு பக்கம் போகுது."

கடையில் கூட்டம். என் மடியில் யாருடைய காலோ இருந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று கத்தினேன். "கயித்த இறுக்கிக் கட்டு. ரெண்டு சாக்ஸ் போடு. முதல்ல முட்டிய மடக்கி ஓட்டக் கத்துக்க."

"சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

இரண்டாவது வாரத்துக்கு அப்புறம் புகார் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வாரம் விழாமல் ஒரு சுற்று வந்தேன் என்றாள். நான்காவது வாரம் பெட்டியோடு வந்தாளாம். ஐந்தாவது வாரம் ரப்பர் கட்டையைத் தரையில் இழுத்து, நினைத்த இடத்தில் நின்றாளாம். "இருபது வயசுப் புள்ளைங்க எனக்கு வழி விடுதுங்கண்ணா" என்றாள். குரலே மாறியிருந்தது. ஒரு நாள் மதியம் சாப்பிட வந்தவள் எங்கள் வீட்டுத் தரையில் வெறும் சாக்ஸோடு முட்டியை மடக்கி, கையை விரித்து, சர்ரென்று வழுக்கிக் காட்டினாள். என் மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். அந்த இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"வாங்கிக் குடுத்தது யாரு?" என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் தங்கையின் பிரதாபம்தான். மேல்தட்டில் கிடந்த ஸ்கேட்ஸைத் துடைத்துக் கண் மட்டத்துக்கு இறக்கினேன். இரண்டு ஜோடி விற்கவும் செய்தேன், ஒரு சைஸ் பெரியதாக. அந்தப் புண்ணியவான்கள் இப்போது எங்கே விழுந்து கிடக்கிறார்களோ.

அவள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை பிறந்தது. "வேணாண்ணா, நீ பார்த்தா எனக்குக் கூச்சமா இருக்கும்" என்றாள். அடுத்த வாரம் கேட்டேன். "அங்க வெளியாளுங்கள விடமாட்டாங்க" என்றாள். மறுபடி கேட்டேன். "டெஸ்ட்டுக்கு வாயேன், அன்னிக்குப் பாரேன்" என்று கெஞ்சினாள். நான் பிடித்த முயலுக்குத்தான் எப்போதும் மூன்றே காலாயிற்றே. டெஸ்ட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சனிக்கிழமை போன் செய்து, நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றிருக்கலாம். முன்கூட்டிச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் குழல் விளக்குகள் எரிந்தன. டயர் நாற்றம். தூண்களில் வெள்ளை எண்கள். தங்கை கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த ஸ்கேட்ஸின் கயிற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தடித்த சாக்ஸ், ஒன்றின் மேல் ஒன்று. கோச் பெண் வந்தாள். தங்கையின் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

"எங்க அண்ணன் வந்திருக்கார், கோச்" என்று தங்கை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் தந்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியை ஏந்திக்கொண்டு கிளம்பினாள். முட்டி மடங்கி, முதுகு தாழ்ந்து, தோள் அசையாமல் போனாள். இத்தனை வாரமாக உடம்பில் ஏறிய பாடம் ஒவ்வொரு அசைவிலும் இருந்தது. நான் கைதட்டினேன். தட்டும்போதே ஒன்றைக் கவனித்தேன். கால் திரும்பி ஒரு கணம் கழித்துத்தான் பூட்ஸ் திரும்புகிறது. வேறு யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது, என் கண்ணுக்குப் பட்டது. என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியும். ஒருத்தி கடைக்குள் அப்படி நாலடி நடந்தாலே "கழட்டுங்கம்மா, இது உங்களுக்குப் பெருசு" என்று சொல்லியிருப்பேன். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

பதினான்காம் எண் தூணில் திரும்பினாள். கால் திரும்பியது. பூட்ஸ் வரவே இல்லை.

அந்தச் சத்தத்தை எழுதமாட்டேன். ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டேன். கவசம் போட்ட முட்டிக்கும் கைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கணுக்காலுக்குத்தான் கவசம் என்று எதுவும் கிடையாதே. அவள் கத்தவில்லை. முகமெல்லாம் வேர்த்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அதுவரைக்கும் நல்லாத்தானே போனேன்? பார்த்தே இல்ல?" என்றாள்.

கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. தகடு வைத்து ஆணி அடித்தார்கள். மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. அப்புறம் நடக்கலாம், கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து. "நாள் பூரா நிக்கிற வேலையெல்லாம் மறந்துடுங்கம்மா" என்றார் டாக்டர், படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே. அவள் தலையாட்டினாள். டெஸ்ட் நடந்தது. நான்கு பேர் தேறினார்கள். நன்றி தெரிவிக்கும் கடிதம் தபாலில் வந்தது, அவள் பெயரை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

அறையைக் காலி செய்யும்போது அவளை அழைத்துப் போகவில்லை. நானும் என் மனைவியும்தான் போனோம். பதினெட்டு வருஷத்துச் சாமான் அரை வண்டிக்குக்கூட வரவில்லை. என் மனைவி அந்த ஒற்றை அடுப்பைத் துடைத்துத் துடைத்துத் துணியில் சுற்றினாள். அழுதுகொண்டேதான் சுற்றினாள். சாவியை வீட்டுக்காரர் கையில் நான்தான் கொடுத்தேன். "பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அவர் உச்சுக்கொட்டினார். அவரை அறைந்துவிடலாமா என்று இருந்தது.

எங்கள் வீட்டு முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டோம். இப்போது அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தமே இல்லை. என் மனைவி எதை வைத்தாலும் மெதுவாக வைக்கிறாள். அதுதான் தங்கையை இன்னும் கொல்கிறது என்று நினைக்கிறேன். வேளாவேளைக்குத் தட்டு வரும். "ஏன் அண்ணி இவ்வளவு" என்பாள், பாதியைச் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

ஒரு மாதம் கழித்துக் கடையிலிருந்து அழைத்தார்கள். லாக்கரைக் காலி செய்து தர வேண்டுமாம். நான்தான் போனேன். கோச் பெண் சாவியோடு வந்து திறந்துவிட்டாள். உள்ளே ஒரு சீப்பு, மாற்றுச் சீருடை ஒன்று, எந்த வரிசையில் எது என்று அவள் கையால் எழுதிய காகிதக் கட்டு. அடியில் ஒரு ஜோடி ஸ்கேட்ஸ். கறுப்பு நிறம், பழையது, மூக்குக் கட்டை தேய்ந்து சாய்ந்திருந்தது.

"இது எங்களது இல்லம்மா" என்றேன்.

"என்னோட பழசு சார். ஆனா அவங்க இதுலதான் ஓட்டினாங்க."

எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க வாங்கிக் குடுத்தது ஒரு சைஸ் பெருசு சார். ரெண்டாவது வாரமே சொன்னேன், கடையில குடுத்து மாத்திட்டு வாங்கன்னு. 'அதை மாத்த முடியாதும்மா'ன்னாங்க. ஏன்னு கேட்டதுக்குச் சிரிச்சாங்க. சரி, என்னோடது ஏழுதானேன்னு குடுத்தேன். போட்ட அன்னிக்கே விழாம அந்தத் தூண் வரைக்கும் போயிட்டாங்க சார். கண்ணுல தண்ணி. ஆறு பேர்ல அவங்கதான் முதல்ல தேறுவாங்கன்னு நான் மேனேஜர்கிட்டயே சொல்லியிருந்தேன்."

"அப்ப அன்னிக்கு…"

"அன்னிக்கு வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். 'அண்ணன் பார்க்க வர்றாரு. அவர் வாங்கிக் குடுத்ததப் போடலன்னா மனசு ஒடிஞ்சிடுவாரு. ஒரே ஒரு ரவுண்டுதானே'ன்னாங்க." அந்தப் பெண் கீழே பார்த்தாள். "நீங்க இந்தத் தொழில்லயே இருக்கீங்களாமே. அவங்க நாலடி போனதும் நீங்களே நிறுத்திடுவீங்கன்னு நினைச்சேன் சார்."

லாக்கர்களுக்கு எதிரே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து அந்தக் கறுப்பு ஸ்கேட்ஸுக்குள் கையை விட்டேன். உள்ளே அவள் கால் பதிந்திருந்தது, அகன்ற முன்பாதம், நெருக்கிக்கொண்ட சுண்டுவிரல், எல்லாம். அந்தக் காலை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். ஏழு நம்பர் அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மேனேஜரைத் திட்டியது, டாக்டரைத் திட்டியது, வீட்டுக்காரரை அறைய நினைத்தது எல்லாம் சேர்ந்து என் மேலேயே வந்து விழுந்தன. வயசான ஆள் தேம்பி அழுவதைப் பார்க்கப் பயந்து அந்தப் பெண் வெளியே போய்விட்டாள். ஸ்கேட்ஸை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவையாவது அவள் என்னை வாய்விட்டுத் திட்ட வேண்டும். அதுவரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

நான் உள்ளே நுழைந்ததும் தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருந்தவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். என் கையிலிருந்த பையைத்தான் முதலில் பார்த்தாள்.

"லாக்கர் காலி பண்ணிட்டியாண்ணா?"

"பண்ணிட்டேன்."

"என்னென்ன இருந்துச்சு?"

அவள் குரலில் பயம் இருந்தது. வேலை போனபோதும், டாக்டர் கைவிரித்தபோதும் வராத பயம். எனக்குத் தெரிந்துவிட்டதோ என்ற பயம். நான் நொறுங்கிப்போய்விடுவேனோ என்று, அந்தக் காலோடு அவள் எனக்காகப் பயந்துகொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டுப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

"சீப்பு, துணி, கொஞ்சம் பேப்பர். வேற ஒண்ணும் இல்ல."

அவள் முகம் தெளிந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டாள். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நீ மனசுல எதையும் வச்சுக்காதேண்ணா. உன் ஸ்கேட்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல. என் காலுதான் சரியில்ல."

நான் ஆமாம் என்றேன்.